ஓர் ஆற்றங்கரை மரபுத்தடமாகத் தகுமா? தாமிரபரணியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆதிச்சநல்லூர், சிவகளை அகழாய்வு முடிவுகள் செய்தியான பிறகு, தாமிரபரணிக் கரையை மொத்தமாக மரபுத்தடமாக அறிவிக்க வேண்டும் என்ற பேச்சு நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. கோரிக்கை நல்லதுதான். ஆனால் மனு எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்த ஆறு அந்தப் பெயருக்குத் தகுமா, தகுமென்றால் எந்தப் பகுதி தகும் என்று நாமே மதிப்பிட்டுப் பார்ப்பது. ஊர் நலச் சங்கம், கல்லூரி வரலாற்றுத் துறை, விவசாயிகள் சங்கம் என யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். காவிரிக்கோ வைகைக்கோ செய்தாலும் முறை இதுதான்.

முன்மாதிரியாக அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். ஆறும் கால்வாயும் ஓடும் ஒரு வட்டாரத்தை மொத்தமாக மரபுத்தடம் என்று சட்டம் போட்டு அறிவிக்கும் வழக்கம் அங்கே 1984இல் இல்லினாய்–மிச்சிகன் கால்வாயோடு தொடங்கியது. 1986இல் பிளாக்ஸ்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு சேர்ந்தது. இன்று இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட மரபுப் பகுதிகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அறிவிக்கும் முன் சாத்தியக்கூறு ஆய்வு நடத்துவார்கள். அதற்கு அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறை பத்து அளவுகோல் வைத்திருக்கிறது. அந்தப் பத்தையும் நம் ஊருக்கு ஏற்றபடி குறுக்கியும் கூட்டியும் கீழே தந்திருக்கிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அந்த முறையில் அரசு யாருடைய நிலத்தையும் எடுப்பதில்லை. வீடு வீட்டுக்காரருடையது, வயல் விவசாயியுடையது. நம் நாட்டுத் தொல்லியல் சட்டம் இதற்கு நேர்மாறு. நினைவுச்சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று வட்டம் போடும். ஒரு கோயிலுக்கோ ஒரு மேட்டுக்கோ அது பொருந்தும். நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற ஆற்றுக்கு அப்படி வட்டம் போட்டால் கரையில் ஒருவனும் மாட்டுத்தொழுவம் கூடக் கட்ட முடியாது. "மரபுத்தடம்" என்றதும் விவசாயி முகம் சுளிப்பது இந்த அனுபவத்தால்தான். நீங்கள் கேட்பது வட்டமா, தடமா என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 1: ஆற்றின் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

இடங்களின் பட்டியலோடு தொடங்காதீர்கள். பட்டியல் எந்த ஆற்றுக்கும் கிடைக்கும். இந்த ஆறு மட்டுமே சொல்லக்கூடிய கதை என்ன என்பதுதான் முதல் கேள்வி.

தாமிரபரணிக்கு மூன்று கதைகள் போட்டியிடும். மூவாயிரம் ஆண்டு நாகரிகம் என்பது முதல் கதை. நவதிருப்பதியும் நவகைலாயமும் நிரம்பிய புண்ணிய நதி என்பது இரண்டாவது. மூன்றாவது கதை கொஞ்சம் சாதாரணமாகத் தெரியும். பொதிகையில் பிறந்து, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் ஒரு சின்ன ஆற்றை அணைக்கட்டு அணைக்கட்டாக மறித்து, கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைவித்து, கடைசியில் அந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலாலேயே தன் துறைமுகங்களை ஒன்றன்பின் ஒன்றாக இழந்த மக்களின் கதை அது.

நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். முதல் கதை பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சில மேடுகளைச் சுற்றியே நிற்கிறது. இரண்டாவதில் பத்தமடைப் பாய் நெய்யும் முஸ்லிம் குடும்பத்துக்கும் புன்னைக்காயல் கடலோடிக்கும் இடமில்லை. மூன்றாவதில் இவர்கள் எல்லோரும் வருகிறார்கள், ஆழ்வாரும் வருகிறார், முதுமக்கள் தாழியும் வருகிறது.

படி 2: ஆற்றை நீக்கிப் பாருங்கள்

முழு மதிப்பீட்டிலும் மிகப் பயனுள்ள சோதனை இதுதான். ஒவ்வொரு இடத்தையும் எடுத்து, பக்கத்தில் ஆறு இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த இடம் இப்படி இருந்திருக்குமா என்று கேளுங்கள்.

கிருஷ்ணாபுரம் கோயிலை எடுங்கள். நாயக்கர் காலச் சிற்பங்கள், தமிழ்நாட்டின் மிகச் சிறந்தவற்றுள் சேரும். ஆனால் அந்தச் சிற்பத்தூண்கள் ஆறே இல்லாத ஊரில் இருந்தாலும் அதே பெருமையோடுதான் நின்றிருக்கும். தடத்தில் போகிறவர்கள் பார்க்கலாம், தடத்தின் தகுதிக்கு அது சான்றாகாது. இதைச் சொன்னால் கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

குறுக்குத்துறை முருகன் கோயில் வேறு கதை. அது நெல்லை நகரை ஒட்டி ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் திசையில் அதன் சுவர் படகின் முன்பகுதி போலக் கூராகத் தண்ணீரைப் பிளக்கும்படி அமைந்திருக்கிறது. வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவரையும் பூஜைப் பொருட்களையும் கரையில் இருக்கும் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவித் திரும்பக் கொண்டுவருவார்கள். கட்டடம், வழிபாடு, நிர்வாகம் மூன்றுமே ஆற்றின் போக்குக்கு ஏற்ப வகுக்கப்பட்டவை. ஆற்றை நீக்கினால் அங்கே மிஞ்ச ஒன்றும் இல்லை. முழு மதிப்பெண் போடலாம்.

பத்தமடைப் பாயும் அப்படியே. ஆற்றங்கரை ஈரத்தில் வளரும் கோரையை அறுத்துக் காயவைத்து, கிழித்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, மறுபடி மெல்லிய இழையாகப் பிரித்துத்தான் பட்டுப்பாய் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. ஆனால் குறியீடு இங்கே முக்கியமில்லை, கோரை எங்கே ஊறுகிறது என்பதே முக்கியம். ஆற்றுநீர் கெட்டால் பாயும் கெடும் என்ற நேரடித் தொடர்பு அங்கே இருக்கிறது.

விக்கிரமசிங்கபுரம் ஹார்வி ஆலையைப் பலர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. புகைபோக்கி வைத்த ஆலை மரபாகுமா என்று தயங்குகிறார்கள். 1880களில் பாபநாசத்தில் விழும் தண்ணீரின் விசையை நம்பி அங்கே நூற்பாலை வந்தது. பிளாக்ஸ்டோன் ஆற்றை அமெரிக்கா அறிவித்ததற்கு மூல காரணமும் பாட்டக்கெட் ஊரில் 1793இல் நீர்விசையால் ஓடிய ஸ்லேட்டரின் பருத்தி நூற்பாலைதான். அங்கே அது தேசிய வரலாறு. இங்கே அதைக் குறிப்பேட்டில் எழுதவே யோசிக்கிறோம்.

படி 3: கோயில் கோயிலாக அல்ல, அணை அணையாக நடங்கள்

கதை தண்ணீர்ப் பகிர்வு என்றால் கணக்கெடுப்பும் தண்ணீரின் வழியே போக வேண்டும். மேலிருந்து கீழே வரிசை இது: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள், சுமார் 86,000 ஏக்கர் பாசனம். முதல் ஏழும் பழையவை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது.

இரண்டு பருவத்தில் நடப்பது நல்லது. கால்வாயில் தண்ணீர் ஓடும்போது ஒருமுறை, கோடையில் ஆறு மெலிந்திருக்கும்போது ஒருமுறை. தண்ணீர் இருக்கும்போது அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். வற்றியிருக்கும்போதுதான் அணையின் கல் தெரியும், எந்த இடத்தில் பழைய கல், எந்த இடத்தில் பிற்காலத்துச் சிமெண்ட் என்று பிரித்து எழுத முடியும். மருதூர் அணைக்கட்டு ஆற்றுக்குக் குறுக்கே நேர்க்கோடாகப் போகாமல் குதிரை லாடம் போல வளைந்து கிடப்பதை மேலே வெள்ளம் புரளும்போது பார்த்தால் புரியாது.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாள் போதும். இடத்தின் பெயரும் உள்ளூர்க்காரர் அழைக்கும் பெயரும், எந்தக் கரை, என்ன பயன்பாடு, இன்றும் அந்தப் பயன்பாடு உண்டா, யார் பொறுப்பில் இருக்கிறது, கல்வெட்டோ ஆவணமோ உண்டா, என்ன சேதம், நான்கு பக்கத்துப் புகைப்படம். இவற்றோடு எந்த அரசுப் படிவத்திலும் இல்லாத இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்வேன். இந்தக் கால்வாயில் கடைமடை ஊர் எது, அங்கே போன பிசானத்துக்குத் தண்ணீர் போனதா? இந்தப் படித்துறையில் ஒரு காலத்தில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது? இரண்டாவது கேள்வியைப் பொதுவில் வைத்துக் கேட்காதீர்கள், தனியாக, வயதானவர்களிடம் கேளுங்கள். பதில் கிடைக்கும்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்பி வரைபடத்தில் புள்ளி வைக்கக் கூடாது. முக்கூடல் என்று அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது. ஆனால் பள்ளு பாடப்பட்ட முக்கூடல், சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிப் பக்கம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. உழவும் நெல்வகையும் பேசும் அந்தப் பள்ளு உங்கள் கதைக்கு முக்கியச் சான்று, அதைத் தப்பான ஊரில் நட்டுவிட்டால் முழு அறிக்கையையும் சந்தேகப்படுவார்கள்.

உயிரினங்களுக்கும் தாள் உண்டு. திருப்புடைமருதூரில், கடனாநதி வந்து சேரும் இடத்தில், ஊர் மக்களே பறவைகளைக் காத்து வந்தார்கள். 2005இல் அது பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஊர்க் கோயிலின் கோபுரத்துக்குள் மாடம் மாடமாக ஓவியங்கள், மரச்சிற்பங்கள். பறவை, ஓவியம், ஆறு மூன்றும் ஒரே ஊரில் அமைந்திருக்கும் இத்தகைய இடங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: முக்கியத்துவத்தை நிதானமாக எடைபோடுங்கள்

இங்கேதான் ஆர்வம் அளவு மீறும். ஆதிச்சநல்லூரை 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார், நூற்றாண்டின் திருப்பத்தில் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார், 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி இறங்கியது. சிவகளைத் தாழி ஒன்றில் இருந்த நெல்லை அமெரிக்காவின் மயாமி ஆய்வகத்துக்கு அனுப்பி, கி.மு. 1155 என்று காலம் கிடைத்ததை 2021இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். 2025 ஜனவரியில் வெளியான இரும்பு பற்றிய மாநில அரசின் அறிக்கை, சிவகளை மாதிரி ஒன்றைக் கி.மு. 3345 வரை கொண்டுபோனது.

இவை பெரிய செய்திகள். ஆனால் அறிக்கையில் எழுதும்போது எந்த மாதிரி, எந்தத் தாழி, எந்த ஆண்டு ஆய்வு என்று பிரித்து எழுதுங்கள். ஒரு தாழியின் காலத்தை 128 கி.மீ. கரைக்கும் போர்த்திவிட்டால் மதிப்பீட்டாளர் முதல் பக்கத்திலேயே பேனாவை எடுத்துவிடுவார். எந்தக் காலக்கணிப்புமே இல்லாமல் நிற்கும் வாதம் ஒன்றும் ஆதிச்சநல்லூரில் இருக்கிறது. தாழிகள் புதைந்திருப்பது ஆற்றின் தென்கரையில், விளைச்சலுக்கு உதவாத சரளைக்கல் மேட்டில். தண்ணீர் ஏறும் மண்ணைப் பயிருக்கு விட்டுவிட்டு, ஏறாத மேட்டை இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் கதைக்கு அந்த இடத்தேர்வே அங்கே தோண்டியெடுத்த தங்கப்பட்டத்தைவிட (நெற்றியில் கட்டும் தங்கத் தகடு) வலுவான சான்று.

கொற்கை இன்னும் வலு. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் குறிப்பு, பாண்டியர் கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக்குளித்ததைச் சொல்கிறது. இன்று கொற்கையில் நின்றால் கடல் தெரியாது, சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு வண்டலைக் கொட்டக் கொட்டத் துறைமுகம் கிழக்கே நகர்ந்து காயலுக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டு எழுதியது அந்தக் காயலைத்தான். அதுவும் தூர்ந்ததும் புன்னைக்காயல். 16ஆம் நூற்றாண்டில் தமிழ் அச்சுக்குப் பாடுபட்ட அன்றீக்கே அடிகளார் இருந்த ஊர் அது. கடைசியில் தூத்துக்குடி. ஓர் ஆறு தன் துறைமுகத்தை இப்படி ஊர் ஊராகத் துரத்தியதை ஒரே நாளில் வண்டியில் போய்ப் பார்த்துவிடலாம் என்பது அரிய வாய்ப்பு. உலகத் தரத்தில் பேச வேண்டுமென்றால் நான் இதைத்தான் முன்னால் வைப்பேன்.

படி 5: எவ்வளவு மிச்சமிருக்கிறது?

ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக நிலைமை எழுதுங்கள். மொத்த ஆற்றுக்கும் சராசரி போடுவது ஏமாற்று வேலை.

எட்டு அணைக்கட்டும் இன்றும் வேலை செய்கின்றன. இது பெரிய பலம், பல நாடுகளில் இத்தகைய அமைப்புகள் காட்சிப்பொருளாகிவிட்டன. பலவீனம் நகரப் பகுதி. சாக்கடை கலக்கிறது, மண்டபங்கள் சிதைந்து கிடக்கின்றன. மணல் அள்ளியதில் ஆற்றின் படுகை பல இடத்தில் தாழ்ந்துவிட்டது. பாபநாசத்தில் வேறொரு தொல்லை. பரிகாரம் என்று குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விடுகிறார்கள், அது படித்துறைப் பாறையில் சிக்கி அடுக்கடுக்காகக் கிடக்கிறது. கணக்கெடுக்கப் போகிறவர்கள் அதையும் படம் எடுக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தையும் ஒரு சோதனையாக எடுத்துக்கொள்ளலாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கினார்கள். எந்தக் கரை உடைந்தது, எந்தப் பழைய கட்டுமானம் தாங்கியது, எந்தக் குளம் தூர்ந்து போயிருந்ததால் ஊருக்குள் தண்ணீர் வந்தது என்ற விவரம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஐந்து வருடம் போனால் இருக்காது.

படி 6: வலிக்கும் நினைவையும் எழுதுங்கள்

சுலோசன முதலியார் பாலத்தை எல்லோரும் எழுதுவார்கள். 1843இல் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைத்தது, தன் சொந்தப் பணத்தைப் போட்டவர் பெயரிலேயே இன்றும் நிற்கிறது, நியாயமான பெருமை. ஆனால் அதே பகுதியில், 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்த, மக்கள் ஆற்றுக்குள் ஓடி, 17 பேர் இறந்தார்கள். வருடாவருடம் அங்கே வந்து மலர் தூவுகிறார்கள். தடத்தின் வரைபடத்தில் பாலம் இருந்து அந்த இடம் இல்லாவிட்டால், அது சுற்றுலாத் துறையின் துண்டுப்பிரசுரம், அவ்வளவுதான்.

படி 7: எங்கே தடம் போகக் கூடாது என்று முடிவெடுங்கள்

பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் போகிறது. பல சமூகங்களின் குலதெய்வம் அது, அந்த வழிபாட்டைக் கேள்வி கேட்பது நம் வேலையல்ல. ஆனால் "மரபுத்தடம்" என்ற பலகையை அங்கே நட்டால், வருடத்தில் சில நாள் இருக்கும் நெரிசல் வார இறுதி தோறும் ஆகிவிடும். ஆற்றின் பிறப்பிடம் கதைக்குள் வரட்டும், பயணப் பாதைக்குள் வர வேண்டாம்.

பொருளாதாரக் கேள்வி எளிமையானது: இந்த அறிவிப்பால் யாருடைய பிழைப்பு தடைபடும்? விவசாயி, செங்கல் சூளைக்காரர், மீனவர், குடிநீர்த் திட்டங்களை நடத்துகிறவர்கள், எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். குறிப்பாகக் கடைமடைக்காரர்களை. ஆற்றைப் பற்றிய எந்தப் புதுத் திட்டமும் தண்ணீரை வேறெங்கோ கொண்டுபோகத்தான் என்று அவர்கள் நினைப்பதற்குப் பழைய அனுபவங்கள் காரணம்.

படி 8: யார் நடத்துவது?

பெரும்பாலான முன்மொழிவுகள் செத்துப்போவது இந்தப் படியில்தான். ஒரே படித்துறையை எடுங்கள். தண்ணீர் நீர்வளத் துறை, மேலே இருக்கும் மண்டபம் அறநிலையத் துறை, கரையோரப் பாதை ஊராட்சி அல்லது மாநகராட்சி, பக்கத்து மேடு தொல்லியல் துறை, அதிலும் ஆதிச்சநல்லூர் மத்திய அரசு, சிவகளை மாநில அரசு. மேலே வனத்துறை. இரண்டு மாவட்ட ஆட்சியர்கள்.

பிளாக்ஸ்டோனில் இரண்டு மாநிலங்கள் சம்பந்தப்பட்டிருந்ததால் முதலில் ஓர் ஆணையம் வைத்தார்கள், பிறகு இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று பொறுப்பேற்றது. அதைவிட முக்கியம், அறிவிப்புக்குப் பதினான்கு வருடம் முன்பே, 1972இல், ஆலைக் கழிவால் நஞ்சாகிக் கிடந்த அந்த ஆற்றைச் சுத்தம் செய்ய ஒரே நாளில் சுமார் பத்தாயிரம் பேர் இறங்கினார்கள். சட்டம் வரும்போது தடத்தை நடத்த ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

ஆகவே உங்கள் அறிக்கையில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: பொறுப்பேற்க முன்வரும் அமைப்பின் பெயர், குறைந்தது கரையோர ஊராட்சிகள் சிலவற்றின் கிராமசபைத் தீர்மானம், முதல் சில வருடச் செலவுக்கு ஓர் உத்தேசக் கணக்கு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மனுவைத் தள்ளிவைப்பது நல்லது.

படி 9: எல்லை போட்டு, தீர்ப்பு எழுதுங்கள்

எல்லையைக் கடைசியில்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அவரவர் ஊரை உள்ளே இழுப்பதிலேயே பொழுது போய்விடும். கால்வாய்களின் கடைமடை வரை எல்லை போகட்டும், கரையிலிருந்து இத்தனை மீட்டர் என்ற கணக்கு இங்கே பொருளற்றது.

"தகும்", "தகாது" என்ற இரண்டோடு "பகுதியாகத் தகும்" என்ற மூன்றாவது தீர்ப்பும் உண்டு. தாமிரபரணிக்கு நான் எழுதினால் மூன்றாவதைத்தான் எழுதுவேன். மருதூர் அணைக்கட்டிலிருந்து புன்னைக்காயல் வரை முதல் பகுதி: அணைக்கட்டுகள், நவதிருப்பதி ஊர்கள், ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, காயல் என்று கதை அறுபடாமல் ஓடுகிறது, இன்றே தகும். பாபநாசம் முதல் சேரன்மகாதேவி, பத்தமடை வரை இரண்டாவது: அணைக்கட்டுகளும் ஆலையும் பாயும் இருக்கின்றன, நீரின் தூய்மைக்கு ஓர் உறுதிமொழி கிடைத்தால் தகும். நடுவில் இருக்கும் நெல்லை நகரப் பகுதியைச் சீரமைப்புப் பகுதி என்று தனியாக எழுதி, சாக்கடை கலப்பது நிற்கும் வரை அறிவிப்பிலிருந்து வெளியே வைக்கலாம். நகரத்துக்காரர்கள் இதை எதிர்ப்பார்கள். எதிர்த்தால் நல்லது, காரணத்தைக் கேட்டு யாராவது மாநகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நிற்பார்கள்.

அறிக்கையோடு இணைக்க வேண்டியவை: அணைவாரியான கணக்கெடுப்புத் தாள்கள், துண்டுவாரியான நிலைமைக் குறிப்பு, கிராமசபைத் தீர்மானங்களின் நகல், எல்லை வரைபடம், எதிர்ப்புத் தெரிவித்தவர்களின் கருத்து அவர்கள் சொன்ன சொற்களிலேயே. பிரதிகள் இரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கும், மாநிலத் தொல்லியல் துறைக்கும், நீர்வளத் துறைக்கும் போகட்டும். ஒரு பிரதியைக் கரையோர ஊர் நூலகம் எதிலாவது வைத்துவிடுங்கள், அடுத்த முறை கணக்கெடுக்க வருகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.